ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ்

கேள்வி: விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் வார இதழ் ஒன்றில் ஒருவருக்கிருந்த பங்கை விற்பதற்கான வேலைகளைச் செய்த சொலிசிட்டரின் (ஆவண வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞரின்) பில் நகலைப் பார்த்தேன். சந்திப்புக்குச் சந்திப்பு 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்று இருக்கிறது. இது என்ன கணக்கு? விலையில் இத்தனை விழுக்காடு என்று வாங்கியிருக்கலாமே?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று எண்ணிய காலத்தில் அது ஒரு பவுண்டில் சரியாக மூன்றில் ஒரு பாகம். 14ஆம் நூற்றாண்டில் புழங்கிய 'நோபிள்' என்ற தங்கக் காசின் மதிப்பும் அதுவே. காசு மறைந்த பின்னும் கட்டணம் மறையவில்லை.

அக்காலச் சொலிசிட்டர் கூலி கேட்டது வேலையின் பலனுக்கு அல்ல, ஒவ்வொரு அசைவுக்கும். நேரில் பேசியது, கடிதம் எழுதியது, வந்த கடிதத்தைப் படித்தது எல்லாம் பில்லில் தனித்தனி வரிகளாக ஏறின. பத்திரம் எழுதும் கூலியோ சொற்களை எண்ணி, 72 சொற்கள் கொண்ட 'ஃபோலியோ' ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கப்பட்டது. (பழைய பத்திரங்கள் ஒன்றையே மூன்று விதமாகச் சொல்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.) விற்பது 100 பவுண்டுப் பங்கானாலும் 1,000 பவுண்டுப் பங்கானாலும் பதினைந்து சந்திப்புக்கு 5 பவுண்டுதான், ஆகவே சிறிய பங்குக்காரருக்கே சுமை அதிகம்.

பத்திரிகைப் பங்கு என்பது புர்சா மலேசியாவில் நொடியில் கைமாறும் பங்கைப் போன்றதும் அன்று. சார்லஸ் டிக்கன்ஸ் 1850இல் தொடங்கிய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழில் அவருக்குப் பாதி, பிராட்பரி அண்ட் எவன்ஸ் பதிப்பகத்துக்குக் கால், நண்பர் ஃபார்ஸ்டருக்கும் துணையாசிரியர் வில்ஸுக்கும் ஆளுக்கு அரைக்கால் என்று உரிமை பிரிந்திருந்தது. டிக்கன்ஸுக்கும் பதிப்பகத்துக்கும் பகை மூண்டு விவகாரம் சான்சரி நீதிமன்றம் வரை போனது. 1859 மே மாதம் நடந்த ஏலத்தில் டிக்கன்ஸ் தரப்பே அதை 3,550 பவுண்டுக்கு எடுத்தது. இப்படிப் பல கூட்டாளிகள் இருக்கும் இடத்தில், யார் யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வதற்குள் எத்தனை கடிதங்கள் போய்வரும், அவை ஒவ்வொன்றும் பில்லில் எப்படி ஏறும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

கட்சிக்காரர் கேட்பாரற்றும் இருக்கவில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டப்படி, பில்லைக் கொடுத்து ஒரு மாதம் கழியாமல் சொலிசிட்டர் பணம் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது. அதற்குள் கட்சிக்காரர் பில்லை 'டாக்சிங் மாஸ்டர்' என்ற நீதிமன்ற அலுவலரிடம் அனுப்பலாம். பெயரைப் பார்த்து வரி அதிகாரி என்று எண்ணிவிட வேண்டாம், கட்டணத்தைச் சரிபார்த்துக் குறைப்பவர் அவர்.

நீங்கள் கேட்ட விழுக்காட்டு முறை, 1881ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1882இல் வந்த ஆணையால், நிலம் வீடு விற்பனைக்கு ஏற்பட்டது. இன்று நம் நாட்டில் வீடு வாங்குவோர் முதல் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு வழக்கறிஞர் கட்டணம் செலுத்துவதும் அதே வழியில்தான். பத்திரிகைப் பங்கு நிலமன்று என்பதால் அந்த வசதி அதற்குக் கிட்டவில்லை.

உங்கள் நகலின் அடியில் டாக்சிங் மாஸ்டர் ஏதேனும் தொகையைக் கழித்திருந்தால், அது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்காவது ஆகிறதா என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆகியிருந்தால், சரிபார்ப்புச் செலவு பொதுவாகச் சொலிசிட்டர் தலையில்தான் விழுந்திருக்கும்.