வெளிநாட்டு நிறுவனத்தோடு ஆய்வு ஒப்பந்தம் போடும் முன், அவர்கள் பெயர் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் போதுமா?

போதாது. நீங்களும் என்னைப் போல ஏதோ ஒரு ஆராய்ச்சிப் பிரிவில் உட்கார்ந்து, "சும்மா ஒரு எம்ஓயு தானே, சீக்கிரம் முடிங்க" என்று நச்சரிக்கும் பேராசிரியரிடம் மாட்டிக்கொண்டவர் என்றுதான் நினைக்கிறேன்.

நான் இருப்பது சேலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில். ஸ்டீல் பிளான்ட் உள்ள ஊர். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனையம். உலோகவியல் துறைக்கு வெளியிலிருந்து அழைப்பு வருவது புதிதில்லை. அப்படி வந்த ஒரு நிறுவனம், மாரேஜிங் ஸ்டீல் மாதிரித் துண்டுகளையும் அவற்றைப் பதப்படுத்தும் முறையையும் கேட்டது. ஏவுகணை உறைக்கும் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜுக்கும் ஆகிற உலோகம் அது. குறிப்பிட்ட வலிமையைத் தாண்டினால் நம் ஸ்கோமெட் பட்டியலில், அதாவது ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்துவிடும், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் உரிமம் இல்லாமல் அனுப்ப முடியாது.

தடைப்பட்டியல்களை எல்லாம் ஒன்றாகத் தேடும் அமெரிக்க அரசின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டேன். ஒன்றும் இல்லை. "பேர் கிளீனா இருக்கே மேடம், அப்புறம் என்ன?" என்றார் பேராசிரியர். "ஒரு நிமிஷம் சார்" என்று லெட்டர்ஹெட்டில் இருந்த முகவரியைப் போட்டேன். தடையில் உள்ள ஒரு கம்பெனியின் முகவரி வந்து நின்றது. அதே தெரு, அதே கட்டட எண். துண்டுகளை அனுப்பச் சொன்ன இடமோ மூன்றாவது நாட்டில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீஸ். பொருளை யார், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று உறுதி தரும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழை முத்திரையோடு கேட்டோம். "கல்விப் பயன்பாட்டுக்கு" என்று ஒரே வரியில் மெயில் வந்தது. மறுபடி கேட்டதற்குப் பதிலே இல்லை. சார் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். பரவாயில்லை, ஃபைலில் என் குறிப்பு இருக்கிறது.

அமெரிக்கப் பட்டியலுக்கு நாம் ஏன் பணிய வேண்டும் என்று சிலர் கிளம்புவார்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் 1992 அந்நிய வர்த்தகச் சட்டமும் 2005 பேரழிவு ஆயுதச் சட்டமும் நம்முடையவைதானே? தவிர, அமெரிக்கக் கருவியை லேபில் வைத்திருந்தால், அதை வேறு நாட்டுக்கு அனுப்பும்போது அவர்கள் நிபந்தனையும் கூடவே வரும். அந்தப் பட்டியல் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமே 2025 ஜனவரி வரை அதில்தான் இருந்தது. பெயர் ஒத்துப்போனதற்காக யாரையும் விரட்டவும் வேண்டாம். முகவரி, பிறந்த தேதி எல்லாம் பொருந்துகிறதா பாருங்கள். ஏற்கெனவே அச்சில் வந்த கட்டுரையைப் பகிர இந்தப் பாடெல்லாம் கிடையாது.

இவ்வளவையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். அதற்காவது விடுகிறார்களா? மே மாதம் வந்தால் அட்மிஷன் டியூட்டி. கோடை விழா சமயம் ஏற்காடு ஏரிக்கரையில் நின்று பிட் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் புதுமண ஜோடி. அவர்களிடம் பி.இ. சேர்க்கை நோட்டீஸை நீட்டி என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்?