மனநிறைவுக்கு மதிப்பெண் போடலாமா?

கேள்வி: ‘வாழ்க்கையில் எவ்வளவு நிறைவோடு இருக்கிறீர்கள்?’ என்று மக்களிடம் கேட்டு, அந்தப் பதில்களைக் கொண்டு பிரிட்டன் அரசு தன் திட்டங்களை மதிப்பிடுவதாகப் படித்தேன். நேரத்துக்கு நேரம் மாறும் மனத்தை நம்பி வரிப்பணத்தைச் செலவிடலாமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: அளவோடு நம்பலாம் என்பதே என் கருத்து.

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 ஏப்ரல் முதல் நான்கு கேள்விகளைக் கேட்டு வருகிறது. வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கிறது, செய்யும் காரியங்கள் எவ்வளவு பொருளுள்ளவையாகத் தோன்றுகின்றன, நேற்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள், நேற்று எவ்வளவு பதற்றமாக இருந்தீர்கள் என்ற ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் சொல்ல வேண்டும். நேற்றைய மனநிலை வேறு, வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு வேறு என்பதால்தான் இரண்டையும் தனித்தனியே கேட்கிறார்கள். தலைவலியால் ஒருவருடைய 7 அன்றைக்கு 6 ஆகலாம். ஆயிரக்கணக்கானோரின் பதில்களைச் சேர்த்துப் பார்க்கும்போது அத்தகைய ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் சமனாகிவிடுகின்றன. வேலையிழந்தவரின் மனநிறைவு, இழந்த சம்பளம் ஒன்றை மட்டும் வைத்து எதிர்பார்ப்பதைவிட மிகுதியாகச் சரிகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பது இத்தகைய கேள்விகளால்தான்.

எல்லாப் பிழைகளும் இப்படிச் சமனாவதில்லை. அமெரிக்காவில் கேலப் நிறுவனம் நடத்திய கருத்தாய்வில், அரசியல் பற்றிய கேள்விகளை முதலில் கேட்டபோது வாழ்க்கை மதிப்பெண் குறைந்ததைப் பொருளியல் அறிஞர் ஆங்கஸ் டீட்டன் எடுத்துக்காட்டினார். கேள்விகளின் வரிசையையும் சொற்களையும் ஆண்டுதோறும் மாற்றாமல் காப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

பிரிட்டன் நிதியமைச்சகம் 2021இல் ஒரு படி மேலே சென்று, ஒருவரின் மனநிறைவு ஓராண்டுக்கு ஒரு புள்ளி உயர்வதை, 2019 விலைவாசிப்படி, சுமார் 13,000 பவுண்டுக்குச் சமமாகக் கருதலாம் என்று வழிகாட்டியது. தனிமையில் வாடும் முதியோருக்கான உதவி, மனநல ஆலோசனை போன்றவற்றின் பயனுக்குச் சந்தையில் விலை கிடையாது. விலையில்லாதது செலவுக் கணக்கில் பூஜ்ஜியமாகவே நின்றுவிடும் அநீதியை இந்த முறை ஓரளவு களைகிறது என்பதால் இதை வரவேற்கிறேன்.

ஆனால் மக்கள் சொல்லும் மதிப்பெண்ணை மட்டும் நம்புவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் நடந்த உடல்நலக் கணக்கெடுப்பை அமர்த்தியா சென் சுட்டிக்காட்டுவார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதத்தினர் தங்கள் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார்தான் என்று சொல்ல, கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதமே. அந்தக் காலத்து வங்கத்தில் விதவைகள் ஆண்களைவிட நலமாக வாழ்ந்தார்கள் என்று யாரும் நம்ப முடியாது. தனக்கென்று எதையும் கேட்காமலிருக்கப் பழக்கப்பட்டவர் தன் குறையையும் குறையாகச் சொல்வதில்லை. அவர் சொன்ன பதிலை மட்டும் வைத்து நிதி ஒதுக்கினால், மிக அதிகம் தேவைப்படுபவருக்கே மிகக் குறைவாகப் போய்ச் சேரும்.

பூட்டான் இந்தக் குறையை ஓரளவு தவிர்க்கிறது. அதன் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இடம்பெற்ற ‘மொத்தத் தேசிய மகிழ்ச்சி’ என்ற இலட்சியத்தை அளக்கும் கணக்கு, 9 துறைகளில் 33 குறியீடுகளைக் கொண்டது. வாழ்க்கைத் திருப்தியோடு, படித்த ஆண்டுகள், உறங்கும் நேரம், வீட்டு வசதி ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. நம் மாநிலங்களில் எவரேனும் இதை மேற்கொள்வதானால், சராசரி மதிப்பெண்ணை வெளியிட்டுப் பெருமைப்படுவதைவிட, 4க்கும் கீழே சொன்னவர்கள் எந்த ஊரில், எந்த வயதில், எந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை முதலில் வெளியிட வேண்டும். அந்த ஊர்களின் ஊட்டச்சத்து, சுகாதார விவரங்களையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.