ரகசியக் கைகுலுக்கல் – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். இந்த வருஷம்தான் பள்ளி மாற்றினோம். ஆரம்பத்தில் காலையில் கிளம்பும்போதே அழுவான். இப்போது நாலு பையன்களோடு சேர்ந்துவிட்டான், அதில் சந்தோஷம்தான். ஆனால் அவர்களுக்குள் ஒரு கைகுலுக்கல் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையைத் தட்டி, முஷ்டியை முட்டி, தோளை இடித்து, விரலைச் சொடுக்கி என்று நீண்டுகொண்டே போகிறது. பார்க்கும்போதெல்லாம் முழுசாகச் செய்தாக வேண்டுமாம். வீட்டில் செய்து காட்டுடா என்றால் மாட்டேன் என்கிறான். வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, கோஷ்டி சேர்கிறார்கள், நேரமும் வீணாகிறது, கண்டித்து வையுங்கள் என்றார். இதில் நட்பு என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் விளையாட்டா? கண்டிக்கலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கண்டிக்காதீர்கள். அழுதுகொண்டு பள்ளிக்குப் போன பையனுக்கு யாரோ கையைப் பிடித்து ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத்தான் இந்தப் பதில்.

உங்கள் மகன் செய்கிற தட்டல், முட்டலுக்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது. 1960களின் கடைசியில் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய்களிடம் பரவிய ‘டாப்’ என்ற கைகுலுக்கல் அது. ராணுவத்தில் நிறப் பாகுபாடு கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் 1948லேயே ஆணை போட்டிருந்தார், ஆனால் ஆணை போட்டதால் மனசு மாறிவிடுமா? 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, வியட்நாமில் இருந்த கேம் ரான் பே என்ற அமெரிக்க ராணுவத் தளத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் சிலர், ஒரு காலத்தில் அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட தென் மாநிலங்களின் கொடியை ஏற்றினார்கள். போதாததற்கு, அந்தப் போரில் படைப்பிரிவை மொத்தமாக அனுப்பி மொத்தமாகத் திரும்ப அழைப்பது குறைவு. பெரும்பாலும் ஆட்களைத் தனித்தனியாக அனுப்பினார்கள், தரைப்படை என்றால் ஆளுக்கு 12 மாதம். அதாவது பத்தொன்பது இருபது வயசுப் பையன் ஒருவன் முன்பின் தெரியாத கூட்டத்தில் தனியாக வந்து இறங்குகிறான், யார் தன் பக்கம், யார் இல்லை என்று தெரியாது. அங்கே ஒருவன் வந்து கையை நீட்டி டாப் சொல்லிக்கொடுக்கிறான்.

அதில் ஓர் அசைவை மட்டும் சொல்கிறேன். என் முஷ்டி உன் முஷ்டியின் மேல் இறங்கும், அப்புறம் உன்னுடையது என்னுடையதன் மேல், பிறகு இரண்டும் பக்கம் பக்கமாக வந்து முட்டும். நான் உனக்கு மேலே இல்லை, நீ எனக்கு மேலே இல்லை, நாம் பக்கத்தில் நிற்கிறோம் என்று அதற்கு அர்த்தம். இப்படி அசைவுக்கு அசைவு சேர்த்துச் சேர்த்துச் சில இடங்களில் நிமிஷக்கணக்கில் நீளும். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே நிதானமாகச் செய்வார்களாம், பின்னால் நிற்கிற வெள்ளைச் சிப்பாய்களுக்கு எரிச்சல் வரும், கைகலப்பு வரை போனதுண்டு. பல இடங்களில் அதிகாரிகள் தடையே போட்டார்கள். கூட்டம் சேர்கிறார்கள், நேரம் போகிறது என்ற அதே புகார்கள்தான், கலகத்துக்கான சைகையோ என்ற பயமும் கூட.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லார் கண் முன்னாலும்தான் செய்தார்கள். கல்தச்சர் சங்கங்களிலிருந்து வளர்ந்த சகோதர அமைப்பு ஒன்று உண்டு, ஃப்ரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள் என்பார்கள். ரகசியமே உயிர்நாடி என்று நாம் நினைக்கிற அவர்களின் கைகுலுக்கலும் இப்படித்தான். 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில், வேலை தேடி வெளியூரிலிருந்து வருகிற கல்தச்சன் முறையாகத் தொழில் கற்றவன்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு பிடியும் ஒரு சொல்லும் வைத்திருந்தார்கள். 1730இல் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் மேசன்களின் சடங்குகளையெல்லாம் லண்டனில் அச்சடித்து விற்றுவிட்டார். யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம் என்று ஆன பிறகும் அமைப்பு கலையவில்லை, வளர்ந்தது, அந்த நூற்றாண்டிலேயே மதராஸ் வரைக்கும் வந்தது, எழும்பூரில் இன்றும் அவர்களுக்கு மண்டபம் இருக்கிறது. ரகசியம் வெளியே போனதால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடவில்லை.

அப்படியானால் ஒட்டவைப்பது எது? இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது, அதுதான் என்று நினைக்கிறேன். இன்னொருவன் கை எப்போது வரும் என்று பார்த்துத் தன் கையைக் கொண்டுபோக வேண்டும், அந்தச் சில நொடிகள் முழுக் கவனமும் எதிரில் நிற்பவன் மேல் இருந்தே ஆக வேண்டும். ஒரே தாளத்தில் சேர்ந்து நடந்தவர்கள், பிறகு ஆடிய விளையாட்டில் ஒருவரோடு ஒருவர் அதிகம் ஒத்துழைத்தார்கள் என்று 2009இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். வெறும் நடைக்கே அப்படியென்றால், தினமும் ஆளை நேருக்கு நேர் பார்த்துச் செய்கிற இதற்கு?

2017இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஓர் ஆசிரியர் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கைகுலுக்கல் வைத்திருந்த வீடியோ பரவியது, நீங்களும் பார்த்திருக்கலாம். கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் தன் அணிக்காரர்களோடு செய்வதைப் பார்த்து வந்த யோசனை என்றார் அவர். எல்லாம் ஒரே ஒரு சிறுமியிடம்தான் ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பெண் தினமும் காலையில் இவர் கையைக் குலுக்காமல் வகுப்புக்குப் போகமாட்டாள், காத்திருந்து காத்திருந்து தாமதமாகித் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

ஆனால் உங்கள் ஆசிரியையின் ‘கோஷ்டி’ பயத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். அந்த மேசன்களின் 1723ஆம் வருஷத்து விதிகளிலேயே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பவனுக்குக் கதகதப்பாக இருக்கிற அதே கை வெளியே நிற்பவனை வதைக்கும். அதனால் மகனிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: எனக்கும் சொல்லிக்கொடு என்று வகுப்பில் யாராவது கேட்டார்களா, கேட்டபோது என்ன செய்தீர்கள்? முடியாது என்று விரட்டியிருந்தால் அப்போது உட்காரவைத்துப் பேசுங்கள், அங்கே தயவுதாட்சண்யம் வேண்டாம். சில மாதங்களுக்கு முன் அவனே அப்படி நின்றவன்தானே, புரியும்.

ஆசிரியையையும் போய்ப் பாருங்கள். மணி அடிப்பதற்குள் முடித்துக்கொள்ளட்டும் என்று பேசி முடிவு செய்தாலே நேரப் பிரச்சினை தீர்ந்துவிடும். வீட்டில் செய்து காட்டச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள், அது அந்த ஐந்து பேருடையது. உங்களுக்கு ஆசையாக இருந்தால் நீங்களும் அவனுமாக உட்கார்ந்து புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளலாம்.