சீம்பால் தாமதமாகக் குடித்த கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி டானிக் உதவுமா?

கேள்வி: எங்கள் பசு இரவில் ஈன்றது. கன்று மறுநாள் மாலைதான் சீம்பால் குடித்தது. இப்போது பத்து நாள் கன்று, தண்ணீராகக் கழிகிறது. எதிர்ப்புச் சக்தி டானிக் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: டானிக்கை விடுங்கள், முதலில் கன்றைப் பாருங்கள். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றாலோ, கண் உள்வாங்கியிருந்தாலோ உடம்பில் நீர் வற்றிவிட்டது. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். எழுந்து நின்று குடிக்கிறது என்றால் பாலை நிறுத்தாமல், இடையிடையே கன்றுகளுக்கான ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். மற்ற கன்றுகளோடு கட்ட வேண்டாம்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புப் புரதம் கருப்பையிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடக்க விடாது. அதனால் பிறந்த கன்றின் ரத்தத்தில் அந்தப் புரதம் ஏறக்குறைய இல்லை. சினையின் கடைசி வாரங்களில் தாய் அதை மடியில் சேர்க்கிறது, அதுதான் சீம்பால். பிறந்தவுடன் கன்றின் குடல் இந்தப் பெரிய புரதத்தை உடைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். சில மணி நேரத்திலேயே அந்த வழி குறையத் தொடங்கி, 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அப்புறம் குடிப்பது ரத்தத்தில் சேராது. குடலுக்குள் ஓரளவு காவல் நிற்கும், ஆகவே நீங்கள் தாமதமாகக் கொடுத்ததும் வீண் இல்லை. ஆனால் அடைபட்ட வழியை எந்த டானிக்கும் திறக்காது.

அடுத்த ஈற்றில் கன்று பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போகட்டும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். முதல் கறவையில்தான் புரதம் அதிகம். நிற்க முடியாத கன்றுக்குக் கறந்து பாட்டிலில் கொடுங்கள். மடியைக் கழுவாமல் கொடுக்காதீர்கள், திறந்திருக்கும் குடல் கிருமியையும் உள்ளே விட்டுவிடும். காய்ச்சவும் கூடாது, சூட்டில் புரதம் கெட்டுவிடும்.

தாய் கொடுத்த இந்தப் பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துபோகும். அதற்குள் கன்றின் வெள்ளை அணுக்கள் கிருமிகளை அடையாளம் கண்டு, நினைவில் வைத்துத் தாமே புரதம் தயாரிக்கப் பழகிவிடும். தடுப்பூசியும் அந்த நினைவைத்தான் உண்டாக்குகிறது. ஆனால் தாயின் புரதம் ரத்தத்தில் நிறைய இருக்கும்போது ஊசி போட்டால், அது மருந்தை முந்திப் பிடித்துவிடும். நினைவு சரியாகப் பதியாது. கோமாரித் தடுப்பூசியை நான்காம் மாதத்தில் போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி போடச் சொல்வது இதனால்தான்.