யாழ்ப்பாணத்தில் இருந்து மலைக்கு: ஒரு பகல் நடைக்கு எத்தனை நாள் வேண்டும்?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், உரும்பிராயில் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது, மகளுக்கு 10. போன வழியாலேயே திரும்பி வராமல் காட்டுக்குள்ளால் சுற்றி வந்து, நடுவில் மலை விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கக்கூடிய பாதை ஒன்றில் ஒரு பகல் நடக்க ஆசை. ஒருவருக்கும் மலை ஏறிப் பழக்கம் இல்லை. எங்கே போகலாம், எந்த மாதம் நல்லது, எப்படித் தயாராவது? இரவு வான் பிடித்துப் போய், விடிய நடந்து, அன்றிரவே திரும்பிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் சுமார் 320 கிலோமீட்டர். அதற்கு மேல் நுவரெலியா வரை இன்னும் 75 கிலோமீட்டர் அளவுக்கு வளைவும் ஏற்றமும்தான். வானுக்குள் இருந்தபடி தூங்கியதைத் தூக்கம் என்று உடம்பு ஏற்றுக்கொள்ளாது. நீங்களாவது கண்ணை மூடலாம், சாரதிக்கு அதுவும் இல்லை. நீங்கள் நடக்கும் நாலு மணித்தியாலம் அவர் வாகனத் தரிப்பிடத்தில் குளிருக்குள் சுருண்டு கிடந்துவிட்டு, அன்றிரவே அதே வளைவுகளில் உங்களை இறக்கிக்கொண்டு வரவேண்டும். பயணத்திலேயே ஆபத்தான பகுதி மலை விளிம்பு அல்ல, இந்த இறக்கம்தான். ஆகவே மலையில் குறைந்தது ஓர் இரவாவது தங்குவதாக வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

சரி, எங்கே போவது? நீங்கள் கேட்ட மூன்றும், அதாவது காடு, சுற்றுப்பாதை, விளிம்புக் காட்சி, ஒரே இடத்தில் ஒழுங்காக அமைந்திருப்பது நுவரெலியாவுக்குக் கிட்ட உள்ள ஹோட்டன் சமவெளியில். 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கடல் மட்டத்தில் இருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் வரை உயரம். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர். புல்வெளியில் தொடங்கி, பாசி படர்ந்த குட்டை மரங்கள் நிற்கும் முகில் காட்டுக்குள் நுழையும். முதலில் சிறிய உலக முடிவு என்ற மலை விளிம்பு, பிறகு உலக முடிவு என்ற பெரிய விளிம்பு, திரும்பும் வழியில் பேக்கர் அருவி. உலக முடிவில் நிலம் அப்படியே அறுந்து, சுமார் 880 மீட்டர் கீழே விழுகிறது. தெளிந்த காலையில் தெற்குக் கடலே தெரியும் என்பார்கள்.

அந்தத் தெளிந்த காலைதான் விஷயம். வெயில் ஏற ஏறக் கீழே பள்ளத்தாக்கின் சரிவு சூடாகிறது. சூடான ஈரக் காற்று மலைச் சுவரோடு ஒட்டி மேலே ஏறி, குளிர்ந்து, முகிலாக மாறுகிறது. பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் உலக முடிவில் வெள்ளைத் திரை விழுந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் 880 மீட்டர் முகிலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால், அப்பாவும் பிள்ளையும் ஆறுதலாக வந்தாலும் எட்டரைக்கு விளிம்பில் நிற்கலாம். அதற்கு நுவரெலியாவில் இருந்து நாலரை, நாலே முக்காலுக்குப் புறப்படவேண்டும். எந்த மலைக்குப் போனாலும் காட்சி எப்போது திறந்திருக்கும் என்று முதலில் கேளுங்கள், அங்கிருந்து பின்னோக்கி மணிக்கணக்குப் போடுங்கள்.

நடக்கும் நேரத்துக்கு 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தட்டையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணித்தியாலம். அது நல்ல உடற்கட்டு உள்ளவர் நிற்காமல் நடப்பதற்கு. அதன்படி இந்தச் சுற்று இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. பத்து வயதும் அறுபத்து மூன்று வயதும் சேர்ந்து போகும் கூட்டத்துக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். நாலரை மணித்தியாலம் என்று வைத்தால் அவசரப்படத் தேவையில்லை, பதினொரு மணிக்கு வாகனத்துக்கு வந்துவிடலாம்.

சுற்றுப்பாதையில் இன்னொரு கணக்கும் உண்டு. பாதி வழியைத் தாண்டிய பிறகு திரும்பி வருவதால் தூரம் மிச்சமாகாது. ஆகவே அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று சிறிய உலக முடிவில் வைத்தே கேட்டு முடிவெடுங்கள். சரியில்லை என்றால் ஒருவர் அவரோடு வந்த வழியாலேயே திரும்பட்டும். அங்கே பார்க்கும் பள்ளத்தாக்கும் குறைந்ததில்லை. நடக்கும்போது மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். இளசுகள் முன்னால் ஓடிப் போய்க் காத்திருந்து, பெரியவர் வந்து சேர்ந்தவுடன் "சரி, போவம்" என்று எழும்பும் கூட்டங்களில் ஓய்வு தேவைப்படுகிறவருக்குத்தான் ஓய்வே கிடைப்பதில்லை.

மாதம் என்று பார்த்தால், தைப்பொங்கல் கழிந்து பங்குனி நடுப்பகுதி வரை. சனவரி முதல் மார்ச் வரைதான் அங்கே மழை குறைவு, காலை தெளிவு. ஆனால் அந்த மாதங்களில் விடியப்புறம் புல்லில் உறைபனி பிடிக்கிற அளவுக்குக் குளிரும் இருக்கும். ஆகஸ்ட் பள்ளி விடுமுறை எங்களுக்கு வசதி, மலைக்கு வசதியில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மூடுபனியையும் தூறலையும் கொண்டுவரும். ஏப்ரலில் நுவரெலியா வசந்த கால விழாவுக்கு நாடே திரண்டு வந்திருக்கும், அறை வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும், பின்னேரங்களில் இடியோடு மழையும் வரும். போயா சேர்ந்த நீண்ட வாரவிறுதிகளையும் தவிருங்கள். கடும் மழைக்குப் பிறகென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் மலைநாட்டு வீதியில் ஏறவே வேண்டாம்.

இனித் தயாராவது. யாழ்ப்பாணத்தில் மலை எங்கே என்று கேட்பீர்கள். கீரிமலையின் பெயரில்தான் மலை இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு மலையில் கஷ்டம் தருவது ஏற்றத்தைவிட இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே உடல் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் இதனால் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகி, மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்க முடியாமல் நோகும். நல்ல செய்தி என்னவென்றால், இப்படியான இறக்கப் பயிற்சியை ஒருமுறை அளவாகச் செய்தாலே அடுத்த சில வாரங்களுக்குத் தசை அதைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே மேல்மாடி உள்ள ஒரு வீட்டையோ பள்ளிக்கூடத்தையோ பிடித்து, பயணத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து வாரத்தில் இரண்டு நாள் படி ஏறி இறங்குங்கள். இறங்குவதை வேண்டுமென்றே மெதுவாகச் செய்யுங்கள். அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி செய்யட்டும். அவருக்கு இரத்த அழுத்தமோ நெஞ்சு வருத்தமோ இருந்தால், இந்த உயரமும் குளிரும் ஒத்துவருமா என்று அவருடைய வைத்தியரிடம் கேட்ட பிறகே அறை பதிவு செய்யுங்கள்.

கால் பழக்க எனக்குப் பிடித்த இடம் வடமராட்சியின் மணற்காடு. மணல் மேடுகள், சவுக்குத் தோப்பு, மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு, ஒரு பக்கம் கடல். தோப்புக்குள்ளால் போய் மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டுக் கரையால் திரும்பினால், நீங்கள் கேட்ட சுற்றுப்பாதையின் சின்னப் பதிப்பு வீட்டுக்குக் கிட்டவே கிடைத்துவிடும். மணலில் ஒரு மணித்தியாலம் நடப்பது கெண்டைக்காலுக்குத் தார் வீதியில் இரண்டு மணித்தியாலம் நடப்பதைவிட நல்ல பயிற்சி. போகப் போகிற அதே சப்பாத்தோடு நடந்து பாருங்கள். புதுச் சப்பாத்தை மலையில்தான் முதன்முதலாகப் போடுவேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, குதிக்கால் கொப்புளம் சொல்லிக்கொள்ளும்.

பயிற்சிக்குக் காடு வேண்டும் என்று வன்னிப் பக்கம் வழியில்லாத இடத்தில் இறங்கிவிடாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத நிலங்கள் இருக்கின்றன. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக இடம் பாதுகாப்பானது என்று நினைக்கக்கூடாது. யானையும் உண்டு.

உடுப்பு விஷயத்தில் யாழ்ப்பாண வெயிலை மறந்துவிடுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை வெப்பம் குறையும். இங்கே 28 பாகை என்றால் அங்கே பதின்மூன்று, பதினாலு, விடியப்புறம் அதைவிடவும் குறைவு. தடித்த ஒரு சுவெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு நல்லது, ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மேலே காற்றைத் தடுக்கும் மழைக் கோட் ஒன்று. டெனிம் வேண்டாம், நனைந்தால் காயாது. குளிராக இருக்கிறதே என்று தொப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். குளிரில் தாகமும் தெரியாது, தெரியாவிட்டாலும் குடிக்கவேண்டும். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் போதும்.

சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வாயிலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீனை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்து எடுப்பார்கள். அங்கே மேயும் மரைகள் மனிதர் வீசியதைச் சாப்பாட்டு வாசத்துக்காக விழுங்கிவிடுகின்றன என்பதால் இது. எங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா? வாழையிலையில் சம்பலோடு இடியப்பம், டப்பாவில் எள்ளுருண்டையும் பயற்றம் பணியாரமும், ஒரு துண்டு பனங்கட்டி. பிஸ்கட் பக்கெட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. மரைக்கு மட்டும் கொடுக்க வேண்டாம், மகள் கேட்டாலும்.

விளிம்பில் மகளின் கையை ஒரு பெரியவர் பிடித்தே இருக்கவேண்டும், படம் எடுக்கும் ஆள் அவராக இருக்கக்கூடாது. பேக்கர் அருவியைக் கிட்டப் பார்க்க இறங்கும் வழி செங்குத்து, எப்போதும் ஈரம். அப்பா மேலேயே இருந்து பனங்கட்டி கடிக்கலாம். தண்ணீரில் இறங்குவது தடை. கழிப்பறை வேலையைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். பாதையில் போன் சிக்னலை நம்ப முடியாது, பிரியும் இடங்களில் எல்லோரும் சேரும்வரை நிற்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைத்தால் அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம்.

நாள் கணக்கை நான் போட்டால் இப்படி இருக்கும். முதல் நாள் காலை புறப்பட்டுப் பின்னேரம் கண்டி. ரயில் பிடித்தால் பொல்கஹவெலயில் இறங்கி மலைநாட்டு ரயிலுக்கு மாறவேண்டும். இரண்டாம் நாள் காலை உடவத்தகெல்லைக் காட்டில் இரண்டு மணித்தியாலம். கண்டி நகருக்குள்ளேயே இருக்கும் நிழலான சுற்றுப்பாதை அது. சப்பாத்து கடிக்கிறதா, அப்பா எவ்வளவு வேகம் என்று அங்கே தெரிந்துவிடும். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். நெருப்பால் சுடாமல் நகத்தை அதன் வாய்ப் பக்கம் கொடுத்துத் தள்ளிவிடுங்கள், சவர்க்கார நுரை பூசிய காலுறையில் அவ்வளவாக ஏறாது. அன்றிரவு நுவரெலியா. மூன்றாம் நாள் சமவெளி, நாலாம் நாள் வீடு.

அவ்வளவு லீவு இல்லையென்றால் நுவரெலியாவை விட்டுவிட்டு மாத்தளை, இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் போங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அந்தப் பக்கம் எங்களுக்குக் கிட்ட. பிட்டவல பத்தனை என்ற புல்வெளியில் ஒரு சிறிய சுற்றுப்பாதை, அதன் ஓரத்தில் அங்கேயும் ஒரு சின்ன உலக முடிவு. அரை நாளுக்குள் முடியும், முழங்காலுக்கும் சுகம். காற்று மட்டும் ஆளைத் தள்ளும். இதற்கு மாத்தளையில் ஓர் இரவு போதும்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ சொந்தக்காரர் யாரும் கூட வருவதாக இருந்தால் முன்பே சொல்லிவையுங்கள்: தேசியப் பூங்காவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் எங்களுடையதைவிடப் பல மடங்கு. பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், ஐந்தே முக்கால் மணிக் குளிரில் டிக்கெட் வரிசையில் நின்று வானுக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது.