அக்காவுக்கு விளங்காதா?

கேள்வி: நான் மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடி, ஏ.எல். (உயர்தரம்) கலைப்பிரிவு. 'பல்கலைக்கழகக் கல்வி இன்றியமையாததா?' என்ற தலைப்பில், ஆம் என்று வாதாடி 500 சொல்லில் கட்டுரை எழுதினேன். "புகழ்ச்சிதான் இருக்கு, வாதம் இல்லை" என்று சேர் திருப்பித் தந்துவிட்டார். கட்டுரையை இணைத்திருக்கிறேன். வீட்டில் வாசித்துக் காட்டவும் ஆளில்லை. அக்கா ஓ.எல்.லோடு (சாதாரண தரம்) நின்று கார்மென்ட்ஸுக்குப் போறவ. ரியூசன் காசு அவதான் கட்டுறா, ஆனால் இதெல்லாம் அவவுக்கு விளங்காது. எப்படித் திருத்துவது?

பதில்: மகள், சேர் சொன்னது சரி. கட்டுரையின் பிழை முழுவதும், போகிற போக்கில் நீங்கள் அக்காவைப் பற்றி எழுதிய அந்த வரியில் இருக்கிறது.

இரண்டாம் பந்தியில் 'பட்டம் பெறாதோர் அறியாமை இருளில் வாழ்கின்றனர்' என்கிறீர்கள். அதை எழுதிய கொப்பிக்குக் காசு கொடுத்தது யார்? நாள் முழுக்க மெஷினில் குனிந்திருந்துவிட்டு, சம்பளம் வந்ததும் தங்கச்சியின் ரியூசன் காசை முதலில் எடுத்து வைக்கிற பிள்ளைக்குப் படிப்பின் விலை விளங்காது என்றால் வேறு யாருக்கு விளங்கும்? கூடப்பிறந்தவளின் உழைப்பில் படித்துக்கொண்டு அவளையே குறைவாக நினைப்பதை என்னால் பொறுக்க முடியாது. இரண்டாம் பந்தியின் அந்த வரியை இன்றைக்கே வெட்டுங்கள்.

வாதத்திலும் அதே பிழைதான். இன்றியமையாதது என்றால் அது இல்லாமல் முடியாது என்று பொருள். அதை உடைக்க எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு ஆள் போதும். பல்கலைக்கழகம் போகாமல், தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியில் டிப்ளோமா முடித்து ஆசிரியரானவர்கள் உங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? ஏ.எல்.லில் தகுதி பெறுகிறவர்களிலேயே பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. நீங்கள் சொல்வது உண்மையானால் அத்தனை பேரும் வாழ்க்கையைத் தொலைத்தவர்கள்.

நிலைப்பாட்டைச் சுருக்குங்கள். யாருக்கு, எதற்கு, எந்த நிபந்தனையில் என்பது ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். 'குடும்பம் செலவைத் தாங்குமானால், கிழக்கின் கிராமத்துப் பெண்ணுக்குத் தன் தொழிலைத் தானே தெரிவுசெய்யும் சுதந்திரத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது' என்று எழுதிப் பாருங்கள். இதை ஒருவர் மறுக்கலாம், அதனால் வாதாட இடமிருக்கிறது. 'கல்வி சிறந்தது' என்பதை மறுக்க யார் வரப்போகிறார்கள்?

உங்கள் முன்னுரை 140 சொல், குறளும் பழமொழியுமாக. அதற்கு 60 போதும். காரணங்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 110. எதிர்த்தரப்புக்கு 150. மிச்சம் முடிவுரைக்கு.

காரணம் சொன்னால் சான்று வேண்டும். அந்தச் சான்று உங்கள் கூற்றை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கமும் வேண்டும். அது உங்களிடம் எங்குமே இல்லை. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது, 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரியும் தொடங்கியது என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டீர்கள். அதனால் என்ன? பெண்பிள்ளையைத் தூர அனுப்பப் பயந்த வீடுகளுக்கு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வளாகம் வந்தது எதை மாற்றியது என்று நீங்கள்தானே சொல்லவேண்டும்? காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார் என்பதும் அப்படியே தொங்குகிறது. அவரைப் போன்ற ஒருவரை வைத்து ஒரு வகுப்புப் பிள்ளைகளின் கதி எப்படி இருக்கும் என்று நிறுவ முடியாது. எடுத்துவிடுங்கள்.

எதிர்த்தரப்புக்கு நீங்கள் கொடுத்தது ஒரே வாக்கியம்: 'சிலர் பணமே முக்கியம் என்பர், அது தவறு.' எதிராளியை நோஞ்சானாக நிறுத்தி விழுத்துவதில் என்ன கெட்டித்தனம்? அவர்களின் பலம் செலவுக் கணக்கில் இருக்கிறது. இலவசக் கல்வி என்கிறீர்கள், இல்லாதது கட்டணம் மட்டும்தான். அறை வாடகை, சாப்பாடு, பஸ், போட்டோக் கொப்பி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். சிறப்புப் பட்டத்துக்கு 4 ஆண்டு. அந்த 48 மாதமும் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் செலவில் சேரும். ஏ.எல். எழுதிவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் தனி.

இந்தக் கணக்குக்கு வேண்டிய எண் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அக்காவிடம் மாதச் சம்பளத்தைக் கேட்டு 48ஆல் பெருக்குங்கள். வரும் தொகையை மறைக்காமல் எழுதுங்கள். அவ்வளவு கொடுத்தும் பட்டம் ஏன் பெறுமதியானது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். வருமானத்தை மட்டும் பதிலாக வைத்தால் நிற்காது. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலை கேட்டு நாள்கணக்காக இருந்த பட்டதாரிகளை உங்கள் சேர் மறந்திருக்கமாட்டார்.

திருத்தியதும், அக்கா வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்டு ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்து முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். "அதெப்படி?" என்று அவ கேட்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அங்கே சான்று போதவில்லை. அவவோடு அந்த இடத்தில் வாதாடாமல், சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கைக் கட்டுரையில் போட அவவிடம் சம்மதமும் வாங்குங்கள்.