பதில்: சாக்லேட் உருகிய கதையை உரையிலிருந்து நீக்க வேண்டுமா?

வணக்கம். "ரேடார் முன்னால் நடந்துபோனவரின் சாக்லேட் உருகியது, அன்றே மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது" என்று உங்கள் மகள் பள்ளி உரைக்கு எழுதியதை, கட்டுக்கதை என்று ஆசிரியர் அடித்துவிட்டதாகக் கூறியிருந்தீர்கள். முழுவதையும் நீக்க வேண்டியதில்லை, திருத்தினால் போதும்.

பெர்சி ஸ்பென்சர் அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். ரேடாருக்கு நுண்ணலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் குழல்களில் கைதேர்ந்தவர். 1945-இல், இயங்கிக்கொண்டிருந்த அத்தகைய குழலின் அருகே அவர் நின்றபோது சட்டைப்பையில் இருந்த இனிப்பு இளகியது என்பதே கதை. அது சாக்லேட்டா, வேர்க்கடலை மிட்டாயா என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். (எனக்கென்னவோ வேர்க்கடலைதான் பிடித்திருக்கிறது.)

ஆசிரியரின் ஐயம் "அன்றே பிறந்தது" என்பதில் இருந்தால் அது நியாயமானதே. 1933-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியிலேயே, சிற்றலை வானொலிக் கருவியுடன் இணைத்த இரு உலோகத் தகடுகளுக்கிடையே இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வைத்து வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தார் சமைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஸ்பென்சரின் பெருமை, கண்டதை அப்படியே விட்டுவிடாமல் சோளத்தைப் பொரித்துப் பார்த்து, 1945 அக்டோபர் 8 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்ததில் இருக்கிறது.

1947-இல் வந்த முதல் 'ரேடாரேஞ்ச்' அடுப்பு ஆள் உயரம் நின்றது. எடை சுமார் 340 கிலோ. குழலைக் குளிர்விக்கத் தண்ணீர் இணைப்பு வேறு. சமையல் மேடையில் வைக்கத்தக்க அடுப்பை அமானா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1967-இல்தான். "அன்றே" என்ற சொல்லை எடுத்துவிட்டு இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள்.